பல் மேல் பழி போடாதே, தங்கச்சி

பேறுகால விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே அதில் சில வாரங்கள் கழிந்துவிட்டால், பாப்பாவுக்கு நாலரை, ஐந்து மாதம் ஆகும்போதே நீ மறுபடி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஓசூர் சிப்காட், திம்ஜேப்பள்ளி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா என்று எங்கே வேலையாக இருந்தாலும் இதே கணக்குதான். குழந்தையின் ஈறு ஊறத் தொடங்குவதும் இதே மாதங்களில்தான். பாப்பா பாட்டியிடமோ, ஊரிலிருந்து வந்த நாத்தனாரிடமோ, பக்கத்து லைன் வீட்டு அக்காவிடமோ இருக்கும். நீ போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனில் நிற்பாய். இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கும்: "பாப்பாவுக்கு உடம்பு சுடுது, நாலு தடவை வெளிய போயிட்டா. பயப்படாத, பல்லு முளைக்குது, அதான்."

அந்தக் கடைசி வார்த்தைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல் முளைப்பதால் 102 டிகிரி காய்ச்சல் வராது. தண்ணீராகப் பேதியும் போகாது. வந்தால் அது வேறு நோய். அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அக்கா சொல்கிறேன்.

எப்போது, எந்த வரிசையில்

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்தை ஒட்டி முதல் பல் எட்டிப் பார்க்கும். நாலாவது மாதத்திலேயே வந்தாலும் சரி, முதல் பிறந்தநாள் வரை வராவிட்டாலும் சரி, இரண்டும் இயல்புதான். வழக்கமாகக் கீழ் நடுப்பற்கள் இரண்டும் முதலில் வரும், 6 முதல் 10 மாதத்துக்குள். மேல் நடுப்பற்கள் 8 முதல் 12 மாதத்துக்குள். அவற்றை ஒட்டிய பக்கத்துப் பற்கள் 9 முதல் 16 மாதத்துக்குள். அதற்குப் பிறகு வரிசை ஓர் இடத்தைத் தாண்டிப் போகும். கோரைப்பல்லுக்கு முன்பே கடைவாயில் முதல் பற்கள் 13 முதல் 19 மாதத்தில் வந்துவிடும். "நடுவுல பல்லே காணோமே" என்று பலர் கலங்குவது இந்த நேரத்தில்தான். அந்த இடம் 16 முதல் 23 மாதத்தில் வரும் கோரைப்பல்லுக்கானது. கடைசிக் கடைவாய்ப்பற்கள் நான்கும் 23 முதல் 33 மாதத்துக்குள் வரும். மூன்று வயது நிறைவதற்குள் 20 பால் பற்களும் இருக்கும்.

பாப்பா குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த தேதியிலிருந்து எண்ணாதே. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ணு. நிறைமாதக் குழந்தைக்கு 13 மாதம் ஆகியும் ஒரு பல்லும் தெரியவில்லை என்றால் ஒருமுறை காட்டிவிடு. 18 மாதம் வரை ஒன்றும் இல்லையென்றால் கட்டாயம் காட்ட வேண்டும். பெரும்பாலும் "இவங்க அப்பனுக்கும் லேட்டாத்தான் முளைச்சுது" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் வைட்டமின் டி குறைவு, தைராய்டு குறைவு போன்ற காரணம் இருக்கும். அவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது.

முளைக்கும் இடத்தில் ஈறு நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ குமிழ் போல வீங்கினால் குத்திவிடாதே. பல் வெளியே வரும்போது அது தானே உடைந்து மறையும். பற்களுக்கு நடுவே சந்து இருப்பதும் நல்லதே. பின்னால் வரும் நிலைப்பற்கள் அகலமானவை, அவற்றுக்கு அந்த இடம் வேண்டும்.

பல்லோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் பிரசவத்துக்கு ஒன்று இப்படி அமையும். கீழ் நடுப்பல் அவசரப்பட்டு வந்ததுதான் அது. சாமி குத்தமும் இல்லை, தோஷமும் இல்லை. பல் ஆடினால் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடலாம். நாக்கின் அடியில் உரசிப் புண்ணும் ஆகலாம். அதனால் பல் டாக்டரிடம் காட்டி, வைப்பதா எடுப்பதா என்று கேட்டுக்கொள். வீட்டில் நூல் கட்டி இழுப்பது வேண்டவே வேண்டாம்.

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுக் குழந்தையின் வாயைப் பார்க்கவே பயப்படும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். வரிசை மாறுவது சாதாரணம். மாமாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவார்கள். லண்டன், டொராண்டோ வரை போன ஈழத் தமிழர்களும் அதை விடவில்லை. செய்வதென்றால் அப்படி ஒரு கொண்டாட்டம் செய்யலாம். கொழுக்கட்டையில் பல் மாதிரி செருகும் தேங்காய்த் துண்டு பாப்பாவின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

பல் செய்வது எது, செய்யாதது எது

பல் வெளிவருவதற்கு மூன்று, நான்கு நாள் முன்பிருந்து, வந்த பிறகு மூன்று நாள் வரை சில தொந்தரவுகள் உண்மையிலேயே இருக்கும். ஜொள்ளு அதிகமாக வடியும், கிடைத்ததை எல்லாம் வாயில் வைத்துக் கடிக்கும். ஈறு தடிக்கும், சிணுங்கும், தூக்கம் கொஞ்சம் கெடும், கெட்டியான ஆகாரத்தைத் தள்ளிவிடும். உடம்பு லேசாக வெதுவெதுப்பாக இருக்கலாம். அதோடு சரி.

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் அது காய்ச்சல். பல்லுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே. தண்ணீராகப் போகும் பேதி, விடாத வாந்தி, உடம்பெல்லாம் சிவந்த புள்ளி, இருமலோடு இழுப்பு, பால் குடிக்கவே மறுப்பது, தூக்கினால்கூடத் துவண்டு கிடப்பது இவை எதையும் பல் செய்யாது.

அப்படியென்றால் ஏன் எல்லாப் பாட்டிகளும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்? அவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. கர்ப்பத்தில் உன்னிடமிருந்து வாங்கி வந்த நோய் எதிர்ப்புச் சக்தி ஆறாவது மாதத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. அதே மாதத்தில்தான் கஞ்சி, பருப்பு சாதம் என்று வெளி உணவும், வெளித் தண்ணீரும், கிண்ணம் ஸ்பூனும் பாப்பாவிடம் வருகின்றன. தவழ ஆரம்பித்துத் தரையில் கிடப்பதை எல்லாம் எடுத்து வாயில் போடுகிறாள். நீயும் வேலைக்குப் போகத் தொடங்குவதால் தாய்ப்பால் குறைந்து, பாட்டில் உள்ளே வருகிறது. கிருமி நுழைய இத்தனை வாசல் திறக்கிற நேரத்தில் பல்லும் முளைக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பல் மட்டும்தான், அதனால் பழி அதன் மேல் விழுகிறது.

இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1842-இல் லண்டனில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளில் 4.8 சதவீதத்துக்குச் சாவின் காரணம் 'பல் முளைத்தது' என்றே அரசுப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். டாக்டர்கள் ஈறைக் கத்தியால் கீறினார்கள். கடைகளில் பாதரசம் கலந்த பல் முளைப்புப் பொடி விற்றார்கள். அதைத் தின்ற குழந்தைகளுக்குக் கையும் காலும் சிவந்து உரிந்து ஒரு நோய் வந்தது. பிரிட்டனில் 1950-களில் அந்தப் பொடி சந்தையை விட்டுப் போன பிறகு அந்த நோயும் ஏறக்குறைய மறைந்தே போனது. பல் எந்தக் குழந்தையையும் கொல்லவில்லை. பல் என்று நினைத்துக் கொடுத்த மருந்தும், பல் என்று நினைத்துப் பார்க்காமல் விட்ட நோயும்தான் கொன்றன.

இரண்டு நோய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை அப்படியே பல் முளைப்பது போலவே தெரியும். ஒன்று காதுக்குள் சீழ். பாப்பா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழும், காய்ச்சலும் இருக்கும். இன்னொன்று வாய்ப்புண் காய்ச்சல். ஈறு முழுவதும் செக்கச்செவேலென்று வீங்கும், தொட்டால் ரத்தம் வரும், நாக்கிலும் உதட்டிலும் சின்னச் சின்னப் புண், வாய் நாற்றம், தண்ணீர்கூடக் குடிக்காது. பல் முளைக்கும்போது ஓரிடத்தில்தான் ஈறு தடிக்கும். வாய் முழுக்கச் சிவந்தால் அன்றே டாக்டர்.

பேதி என்றால் காத்திருக்காதே. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் இலவசம். பெரிய பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். தம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் கரைக்கக் கூடாது. ஜிங்க் ஆறு மாதத்துக்குள் நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தாதே. கண் குழிந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், சோர்ந்து கிடந்தால் 108-க்கு அடி.

இன்னொன்றும் கேட்டிருப்பாய்: "பல்லு முளைக்கிற நேரம், ஊசி போட வேணாம்." ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசியை இப்படித் தள்ளிப்போட்டு மறந்தே விடுகிறார்கள். பல் முளைப்பதற்காக எந்தத் தடுப்பூசியையும் தள்ள வேண்டியதில்லை. பாப்பாவைத் திருவண்ணாமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ அம்மா வீட்டுக்கு அனுப்பினால் தடுப்பூசி அட்டையும் பையில் போக வேண்டும்.

ஈறுக்கு என்ன செய்யலாம்

சுத்தமான பருத்தித் துணியை நனைத்து பிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, சற்று நேரம் வைத்து எடுத்துக் கடிக்கக் கொடு. விரலால் ஈறை மெதுவாக ஒரு நிமிடம் தேய்த்துவிட்டாலே பல குழந்தைகள் அடங்கிவிடும். ரப்பர் வளையம் வாங்கினால் உள்ளே தண்ணீர் நிரப்பாத, ஒரே துண்டாக இருக்கும் கெட்டி வளையமாகப் பார்த்து வாங்கு. விரலை வாயில் விடுவதற்கு முன் ஒரு விஷயம். வீட்டில் யாராவது பேட்டரி, சால்டரிங், பெயின்ட், லேத் வேலையில் இருந்தால், யூனிஃபார்மைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் பாப்பாவைத் தூக்க வேண்டும். ஈயத்தூசி துணியோடு வீட்டுக்கு வரும், கண்ணுக்குத் தெரியாது, பாப்பாவின் மூளைக்குக் கெடுதல்.

ஜொள்ளு வடிந்து தாடையில் சிவந்தால் ஒற்றி எடுத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு. ஓசூர்க் குளிரில் ஈரமான சட்டை நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது, மாற்றிக்கொண்டே இரு.

கூடாதவை பல, அவற்றில் சில நம் வீட்டிலேயே இருக்கின்றன. கையில் கட்டும் வசம்பு வளையலைப் பாப்பா நாள் முழுக்கச் சப்பும். நூல் அறுந்து மணி தொண்டையில் சிக்கலாம், வசம்பும் அந்த வயதுக்கு வயிற்றுக்கு ஆகாது. கழற்றிவிடு. பல் முளைக்க என்று ஆன்லைனில் விற்கும் மஞ்சள் மணி மாலையும் அப்படித்தான். அது கழுத்தை இறுக்கி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்த பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது. மெடிக்கலில் கேட்டாலே கொடுக்கும் மரத்துப்போகச் செய்யும் ஜெல் வேண்டாம். பென்சோகெய்ன் உள்ளது ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கலாம், லிக்னோகெய்ன் அளவு மீறினால் வலிப்பு வரலாம், சாலிசிலேட் உள்ளது குழந்தைகளுக்கே கூடாது. பல் முளைக்கக் கொடுக்கும் வெள்ளை இனிப்பு மாத்திரையும் வேண்டாம். அந்த வகை மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா தாறுமாறான அளவில் இருந்ததை 2017-இல் அதே அமெரிக்க அமைப்பு கண்டுபிடித்தது. பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, கொட்டை எல்லாம் முளைத்த இரண்டு பல்லால் துண்டாகும், அரையாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தேன் ஒரு வயதுக்குள் நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

பாராசிட்டமால் பற்றி ஒன்று, இதைப் பாப்பாவைப் பார்த்துக்கொள்பவரிடம் கட்டாயம் சொல். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. சிரப் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்தால் நான்கு மடங்கு வரை போய்விடும். டாக்டர் எழுதிய பாட்டில் எதுவோ அதையே வை, அளவை பாட்டில் மேலேயே மார்க்கரால் எழுதி ஒட்டு. பக்கத்து வீட்டு மீதி மருந்து வேண்டாம்.

பால் குடிக்கும்போது கடித்தால் பயந்து நிறுத்திவிடாதே. உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பாப்பாவின் நாக்கு கீழ்ப் பல்லை மூடியிருக்கும், கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடி விழும். இழுக்காமல் சுண்டு விரலை வாய் ஓரத்தில் விட்டு விடுவித்துக்கொள். பீய்ச்சி எடுத்த பால் வெளியில் 4 மணி நேரமும் பிரிட்ஜின் உட்பக்கம் 24 மணி நேரமும் தாங்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கான்டிராக்டில் இருந்தாலும் ஹெச்ஆரிடம் கேள். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

நம் தண்ணீரும் அந்தப் பல்லும்

பாப்பா வாயில் இன்று தெரியும் பல் இன்று உண்டானதல்ல. நீ நாலாவது மாதம் சுமந்துகொண்டிருந்தபோதே அது கெட்டியாகத் தொடங்கிவிட்டது. முன்பல்லின் தலைப்பகுதி பிறந்து மூன்று மாதத்துக்குள் முழுதாக முடிந்து ஈறுக்குள் காத்திருந்தது. கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தால் சீக்கிரம் முளைக்கும் என்பது அதனால் சரியில்லை. ஆனாலும் கஞ்சியை விடாதே. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. ஏழு வயதில் வரப்போகும் நிலை முன்பற்களின் எனாமல், பாப்பாவுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போதுதான் உள்ளே உருவாகத் தொடங்கி, நாலைந்து வயது வரை நடக்கிறது. நம் மாவட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பாறை நிலம். போர்வெல் தண்ணீரில் பல ஊர்களில் புளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குழந்தை வருடக்கணக்கில் குடித்தால், நிலைப்பற்கள் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, காவிக்கறை, சொரசொரப்போடு வரும். எத்தனை தேய்த்தாலும் போகாது. நம் பள்ளிகளில் வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் பிள்ளைகளை நீயும் பார்த்திருப்பாய். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள், 2013-இல் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில், லைன் வீட்டு ஓனர் போர்வெல்லைத்தான் திறந்துவிடுவார்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். பவுடர் பாலையும் கஞ்சியையும் போர்வெல் தண்ணீரில் கரைத்துக் கொடுக்காதே. ஒகேனக்கல் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீரைப் பாப்பாவுக்கென்று தனியாகப் பிடித்து வை. நீ குடிக்கும் தண்ணீரில் புளூரைடு இருந்தாலும் தாய்ப்பாலில் மிக மிகக் கொஞ்சம்தான் இறங்கும். ஷிப்டுக்குப் போனாலும் முடிந்த வரை பால் கொடு என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். உன் வீட்டுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஒருமுறை பரிசோதித்துவிடு.

முதல் பல் வந்த அன்றிலிருந்தே மென்மையான சின்ன பிரஷ்ஷால் காலையும் இரவும் துடை. பேஸ்ட் அரிசி மணி அளவு போதும். போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடானால் எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பி. பல்லை அரிப்பது இரவு பாட்டில்தான். நைட் ஷிப்டுக்கு நீ போனதும், அழாமல் தூங்கட்டும் என்று சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்துவிடுவார்கள். பால் மேல் முன்பற்களில் தேங்கி நிற்கும். ஒன்றரை வயதில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு விழும், இரண்டரையில் கறுத்து உடையும். "விழப்போற பல்லுதானே" என்பார்கள். கடைசிப் பால் பல் விழ 11, 12 வயது ஆகும். அத்தனை வருடம் குழந்தை அதில்தான் சாப்பிட வேண்டும். இரண்டு வயது வரை பாலிலும் கஞ்சியிலும் சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தூங்கும்போது பாட்டில் வேண்டாம்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டு. ஓசூர் அரசு மருத்துவமனையோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போ. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலமும் வாங்கி வை. இதைப் பாப்பாவைப் பார்த்துக்கொள்பவருக்கும் படித்துக் காட்டு, அவருக்குத் தமிழ் வராவிட்டால் தெலுங்கிலோ கன்னடத்திலோ எடுத்துச் சொல். அடுத்த முறை "பல்லுதான்" என்று மெசேஜ் வந்தால், டிகிரி எவ்வளவு, எத்தனை தடவை போனாள், சிறுநீர் போனாளா என்று மூன்றையும் கேள். 100.4 என்று பதில் வந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடு.